கடைசிப் பந்தி

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமா எழுதுவது. அத்தை உனக்கென்று முறுக்குச் சுட்டு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உன் அம்மா போனில், "அந்த மஞ்சச் சட்டையத் துவைச்சு மடிச்சு வெச்சுட்டாண்ணா. விசிலும் அது மேலயே இருக்குது. திருப்பிக் குடுக்கப் போறாளாம்" என்றாள். அப்புறம் நீ பேசினாய். சனிக்கிழமை நடந்ததை வரிசையாகச் சொன்னாய். 10 வயதுக்குட்பட்ட சிறுமிகளின் கால்பந்து ஆட்டம்; நீ நடுவர். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். இரண்டாம் பாதியின் நடுவில், பந்து கோட்டுக்கு வெளியே போன சமயம் பார்த்து, ஆள் மாற்றுவதற்காக விசில் ஊதினாய். ஒரு கோச் அதுவரை நன்றாக ஆடிக்கொண்டிருந்த பெண்ணை வெளியே கூப்பிட்டு, ஒரு சின்னப் பெண்ணை உள்ளே அனுப்பினார். சில நிமிடங்களில் அந்தச் சின்னப் பெண் நின்ற பக்கமாகவே பந்து வந்து கோல் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும், வெளியே கூப்பிடப்பட்ட பெண்ணின் அப்பா மைதானத்துக்குள் வந்து, ஆட்டத்தைக் கெடுத்ததே நீதான் என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். உனக்கு 15 வயது. அவருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும்.

"நான் என்ன மாமா தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டாய். தப்பு எதுவும் பண்ணவில்லை, கண்ணு. அதை அப்போதே சொன்னேன். ஆனால் நீ அன்றைக்குச் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது போன் பேச்சில் அடங்கவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி. அதற்குப் பிறகு சட்டையைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

முதலில் உன் தாத்தாவைப் பற்றி. நம் ஊர்க் கல்யாணங்களில் பந்தி விசாரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் என் அப்பாவிடம்தான் வரும். முதல் பந்தியில் சம்பந்தி வீட்டாரும் ஊர்ப் பெரியவர்களும் உட்காருவார்கள். அங்கே ஒரு குறையும் வராது; பரிமாற ஆளும் நிறைய இருப்பார்கள். அப்பா அந்தப் பக்கம் அதிகம் போகமாட்டார். பாயசத்தில் ஒரு தூக்குவாளியைத் தனியாக எடுத்து மூடி, சமையல் கொட்டகையின் மூலையில் வைத்துவிடுவார். யார் வந்து கேட்டாலும் அதைத் திறக்கமாட்டார். பந்தல் போட்டவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், பாத்திரம் கழுவியவர்கள் எல்லாம் கடைசிப் பந்தியில் உட்காரும்போதுதான் அந்த வாளி வெளியே வரும். அவரே குனிந்து பரிமாறுவார். வாளியை முன்னாலேயே திறக்காததற்காக அவரிடம் கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரர்களும் உண்டு.

நீயும் நானும் உழைக்கும் ஏஒய்எஸ்ஓ என்ற அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு, அப்படி ஒரு வாளியை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்கிய அமைப்பு. 1964இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே டாரன்ஸ் என்ற ஊரில் ஒன்பது அணிகளோடு ஆரம்பித்தார்கள். அப்போது இந்த நாட்டில் கால்பந்து என்பது ஐரோப்பாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் ஆட்டம். பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு பேஸ்பால் இருந்தது, அமெரிக்கன் ஃபுட்பால் இருந்தது. அந்த ஆட்டங்களில் உயரமும் எடையும் கைப்பலமும் இல்லாத பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்தே வளர்ந்தான். இந்த அமைப்பு முதல் விதியாக வைத்தது இதுதான்: எல்லோரும் ஆட வேண்டும். பெயர் கொடுத்து அணியில் சேர்ந்த ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரமாவது மைதானத்துக்குள் இருக்க வேண்டும்.

அதைச் சுற்றித்தான் மற்ற ஐந்து கொள்கைகளும். அணிகள் சமபலத்தோடு இருக்க வேண்டும். தேர்வு வைக்காமல், ஆட விரும்பும் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சியாளர் திட்டாமல் ஊக்கப்படுத்திச் சொல்லித்தர வேண்டும். ஆட்டப் பண்பு வேண்டும். பிள்ளையின் திறமை படிப்படியாக வளர வேண்டும். இதில் சமபலம் என்பது எழுதுவதற்கு எளிது, செய்வதற்கு மிகக் கடினம். ஒவ்வொரு சீசன் முடிவிலும் கோச்சுகள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டுக் கொடுக்கிறோம். அடுத்த சீசனில் அந்த மதிப்பெண்களை வைத்து எல்லா அணிகளையும் கலைத்துப் புதிதாகப் பிரிக்கிறோம். போன வருஷம் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்த அணி இந்த வருஷம் இருக்காது. "என் மகனை அவன் சிநேகிதர்களிடமிருந்து பிரித்துவிட்டீர்கள்" என்று பெற்றோர் வருத்தப்படுவார்கள். அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே இலையில் உட்கார வைத்தால் மற்ற இலைகளில் உப்புக்கூட இருக்காது.

இப்போது நீ சனிக்கிழமை விசில் ஊதிய இடத்துக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போடு. 10 வயதுக்குட்பட்டவர்கள் ஆட்டத்தில் அணிக்கு ஏழு பேர். பாதிக்கு 25 நிமிடம், மொத்தம் 50. ஒவ்வொரு பாதியையும் நடுவில் நிறுத்தி ஆள் மாற்றுவதால் ஆட்டம் நான்கு கால்பகுதிகளாகிறது. ஏழு பேர், நான்கு கால்பகுதி: 28 இடங்கள். அணியில் 10 பிள்ளைகள் என்று வைத்துக்கொள். எட்டுப் பேருக்கு மும்மூன்று கால்பகுதி கொடுத்தால் 24 போய்விடும். மீதி நான்கு இடத்தை இரண்டு பேருக்கு இரண்டிரண்டாகக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் யாரும் முழு ஆட்டமும் ஆட முடியாது. மிகச் சிறந்த ஆட்டக்காரியும் ஒரு கால்பகுதி வெளியே உட்கார்ந்தே ஆக வேண்டும். மூன்று கால்பகுதி எல்லோருக்கும் கிடைக்கும் வரை யாருக்கும் நான்காவது கிடையாது என்று இன்னும் ஒரு படி மேலே போன கிளைகளும் உண்டு.

அந்த நிறுத்தத்தின்போது உன் கையில் இருக்கும் லைன்அப் கார்டை நினைத்துப் பார். எந்தக் கால்பகுதியில் எந்தப் பிள்ளை வெளியே உட்கார்ந்தது என்று நீதான் அதில் குறிக்கிறாய். கோச்சுக்கு ஜெயிக்கிற ஆசை வரும். பெற்றோருக்குத் தன் பிள்ளை மட்டும் கண்ணில் தெரியும். பாதி நேரம் என்ற வாக்குறுதி எழுதியபடி நடக்கிறதா என்று பார்க்கிற கண் மைதானத்தில் உன்னுடையதுதான். நீ ஊதியது ஆட்டத்தைக் கெடுத்த விசில் இல்லை, அம்மிணி. தாத்தா மூடி வைத்த வாளியைத் திறந்த விசில்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான் செய்த ஒரு தவறை உன்னிடம் சொல்கிறேன். உன் அம்மாவுக்கும் இது தெரியாது.

நான் கோச்சாக இருந்த இரண்டாம் வருஷம். சீசனின் கடைசி ஆட்டம். என் அணியில் பந்தைக் கண்டால் ஒதுங்கும் பையன் ஒருவன் இருந்தான். ஒரு பயிற்சியைக்கூடத் தவறவிட்டதில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து கூம்புகளை வரிசையாக வைப்பான். அன்றைக்குக் காலையில் கால் லேசாக வலிக்கிறது என்றான். என்ன வலி, எங்கே வலி என்று நான் விசாரிக்கவில்லை. மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. மூன்று கால்பகுதி அவனை வெளியே உட்கார வைத்தேன். நடுவராக இருந்த வயதான அம்மா கார்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "இந்தப் பையனுக்கு அடிபட்டிருக்கிறதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அதோடு விடவில்லை. பையன் முன்னால் முழங்காலிட்டு, "உனக்கு ஆட வேண்டுமா?" என்று கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு வேண்டாம் என்று தலையசைத்தான்.

நாங்கள் ஜெயித்தோம். அவன் வரிசையில் நின்று எதிரணியோடு கைகுலுக்கினான். ஆரஞ்சுச் சுளையை வாங்கிக்கொண்டு காருக்குப் போனான். அடுத்த சீசன் பதிவில் அவன் பெயர் இல்லை. அன்றைக்கு ஜெயித்தது எத்தனைக்கு எத்தனை என்பது எனக்கு மறந்துவிட்டது. எனக்காக ஒரு ஒன்பது வயதுப் பையன் பொய் சொன்னது மறக்கவில்லை. அவன் திரும்பி வரவில்லை என்பதற்காகவே நான் இன்னும் விலகாமல் இருக்கிறேன் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு என் அணியில் ஒரு குழந்தைக்கும் பாதி நேரத்துக்குக் குறைந்ததில்லை.

உன் மைதானத்தில் உள்ளே போன அந்தச் சின்னப் பெண்ணுக்கு அன்றைக்குக் கிடைத்தது 25 நிமிடம். கோல் விழுந்தது. விழட்டும். அவளுக்கு அடுத்த வாரமும் 25 நிமிடம் உண்டு என்று தெரிந்தால் அவள் வருவாள். வந்தால் கற்றுக்கொள்வாள்.

இனி அந்த அப்பாவைப் பற்றி. அவரை வெறுக்காதே. அவர் தன் மகளை மட்டும் பார்த்தார். தன் பிள்ளை என்று வரும்போது பெரியவர்களுக்கும் நிதானம் தவறும். இன்னொரு காரணமும் இருக்கிறது. பணம் கட்டியிருப்பதால் தான் ஒரு சேவையை விலைக்கு வாங்கியதாகச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் கட்டிய கட்டணம் சீருடைக்கும் காப்பீட்டுக்கும் மைதான வாடகைக்கும் போகிறது. கிளையில் உழைக்கும் யாருடைய நேரத்துக்கும் அதில் ஒரு டாலர்கூடக் கிடையாது. கிளைத் தலைவரான ரீஜனல் கமிஷனர் முதல் பதிவாளர் வரை, கோச் முதல் உன் வரை, எல்லோரும் சம்பளம் இல்லாமல் வருகிறவர்கள்தான்.

சனிக்கிழமை நீ எட்டரைக்கு வருகிறாய். அதற்கு முன்பே அங்கே என்ன நடந்திருக்கிறது என்று ஒரு நாள் சீக்கிரம் வந்து பார். விடியும் முன்னே இரண்டு பேர் பனி நனைந்த புல்லில் சுண்ணாம்பு வண்டி தள்ளிக் கோடு போட்டிருப்பார்கள். இன்னொருவர் வலையைக் கட்டி, கோல் கம்பத்தின் பின்காலில் மணல் மூட்டை ஏற்றியிருப்பார். கம்பம் சாய்ந்து விழுந்து இந்த நாட்டில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதனால் எந்த மூட்டை குறைந்தாலும் அந்த மைதானத்தில் ஆட்டம் தொடங்கக் கூடாது. ஒரு அம்மா யார் வாரத்தில் யார் பழம் கொண்டு வருவது என்று பட்டியல் போட்டிருப்பார். பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையின் கட்டணத்தை, அந்தப் பிள்ளைக்கே தெரியாமல், இன்னொருவர் உதவித் தொகையில் சேர்த்திருப்பார். இவர்கள் யாரும் மைதானத்தில் கைதட்டல் வாங்குகிறவர்கள் இல்லை.

நீ எடுத்த வகுப்புகள் சலிப்பாக இருந்தன என்று ஒருமுறை சொன்னாய். பின்னணிச் சோதனை, சேஃப் ஹேவன் என்ற குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி, தலைக்காயப் பயிற்சி என்று பெரியவர்களுக்கு இன்னும் நீளமான பட்டியல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்க வேண்டும் என்ற விதி, நம்பி ஒப்படைத்த பிள்ளைகள் விளையாட்டுலகில் சீரழிக்கப்பட்டதிலிருந்து நாடு கற்ற பாடம். தலையில் அடிபட்ட பிள்ளையை உடனே வெளியே கொண்டுவர வேண்டும், மருத்துவத் தகுதி உள்ளவர் எழுதிக் கொடுக்காமல் மறுபடி ஆடவிடக் கூடாது என்று 2009இல் வாஷிங்டன் மாநிலம் சட்டம் போட்டது. அடிபட்ட தலையோடு மறுபடி ஆட இறக்கப்பட்ட ஒரு 13 வயதுப் பையன் வாழ்நாள் முழுவதும் ஊனத்தோடு வாழ நேர்ந்ததால் வந்த சட்டம் அது. 2014க்குள் 50 மாநிலங்களிலும் அப்படிச் சட்டம் வந்துவிட்டது. 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று 2015இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான யு.எஸ். சாக்கர் அறிவித்தது. அதனால்தான் அந்த வயது ஆட்டத்தில் ஒரு பிள்ளை வேண்டுமென்றே முட்டினால் நீ எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுக்கிறாய். வேலிக்கு வெளியே நிற்கிற ஒருவருக்கு அது அற்ப விதியாகத் தெரியும். உனக்குக் காரணம் தெரியும். காரணம் தெரிந்தவள் ஊதும் விசிலில் நடுக்கம் இருக்காது.

காரணம் தெரிந்தால் மட்டும் போதாது, வழியும் தெரிய வேண்டும். அடுத்த முறை யாராவது கத்தினால் இப்படிச் செய். கத்துகிறவரோடு வாதம் செய்யாதே. அவர் பக்கம் திரும்பவும் வேண்டாம். ஆட்டத்தை நிறுத்தி, அந்த அணியின் கோச்சைக் கூப்பிடு. தன் பக்கத்துப் பெற்றோருக்கு அவர்தான் பொறுப்பு. முதல் முறை, "கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொல்லுங்கள்" என்று கேள். இரண்டாம் முறை, "இது தொடரக் கூடாது" என்று சொல். மூன்றாம் முறை, அவர் மைதானத்தை விட்டுப் போகும் வரை ஆட்டம் நடக்காது என்று அறிவி. அவர் போகவில்லை என்றால் ஆட்டத்தையே கைவிட உனக்கு அதிகாரம் உண்டு. 15 வயதுப் பெண்ணுக்கு அந்த அதிகாரம் குறைந்துவிடுவதில்லை. விசில் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அது முழுதாகவே உண்டு.

ஆட்டம் முடிந்த பிறகு வந்து கத்தினால், நேராக எதிரணி கோச்சோ வேறு நடுவரோ நிற்கும் இடத்துக்கு நடந்து போ. தனியாக நின்று கேட்டுக்கொண்டிருக்காதே. அன்றிரவே நடந்ததை நடந்தபடி, கோபத்தைச் சேர்க்காமல், சொன்ன வார்த்தைகளோடு எழுதி, நடுவர் பொறுப்பாளருக்கு அனுப்பு. இந்தச் சனிக்கிழமை நடந்ததையும் இன்றைக்கே எழுதி அனுப்பு. இதைக் கோள் சொல்வது என்று நினைக்காதே. நடுவர்களைத் திட்டுவதற்கும் மிரட்டுவதற்கும் எதிராக 2025 மார்ச்சிலிருந்து யு.எஸ். சாக்கர் நாடு முழுமைக்கும் தனிக் கொள்கையே வைத்திருக்கிறது. திட்டு வாங்கிய இளம் நடுவர்கள் சத்தமில்லாமல் விலகிப் போய், ஊதுவதற்கு ஆள் கிடைக்காமல் ஆட்டங்கள் நின்றதால் வந்த கொள்கை அது. நீ எழுதினால் அடுத்து வரும் 14 வயதுப் பிள்ளைக்கு அது பாதுகாப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்த மனிதர் உன்னை நோக்கி நடந்தபோது, பக்கத்திலிருந்த பெரியவர்களில் யாராவது ஒருவர் உன் அருகில் வந்து நின்றிருக்க வேண்டும். யாரும் வரவில்லை என்றாய். அது பெரியவர்களின் குறை, உன்னுடையதல்ல. இனி வரும் மூன்று ஆட்டங்களுக்கு அனுபவமுள்ள நடுவர் ஒருவர் உன்னோடு கோட்டருகே நிற்க வேண்டும் என்று கேட்டுப் பெறு. கேட்பது பலவீனம் இல்லை. இந்த வேலையை யாரும் தனியாகக் கற்றுக்கொண்டதில்லை.

கல்லூரி விண்ணப்பத்தில் காட்டச் சேவை மணிகள் வேண்டும் என்றுதான் நீ இதில் சேர்ந்தாய். "அதுக்காகச் சேர்ந்துட்டு இப்ப பெருசாப் பேச எனக்கே கூச்சமா இருக்கு மாமா" என்றாய். கூச்சப்படாதே. நானும் தொண்டு செய்ய வேண்டும் என்று வந்தவன் இல்லை. என் மகனின் அணிக்குக் கோச் கிடைக்கவில்லை, கிடைக்காவிட்டால் அணியைக் கலைத்துவிடுவோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது, அதனால் வந்தேன். வந்த காரணம் சின்னதாக இருக்கலாம். தங்கிய காரணத்தை வைத்துத்தான் மனிதரை எடை போட வேண்டும். இப்போது உனக்கு வேண்டிய மணிகள் சேர்ந்துவிட்டன என்று உன் அம்மா சொன்னாள். ஆக, வரும் சனிக்கிழமையிலிருந்து நீ போனால், அது யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லாத முதல் சனிக்கிழமை.

பெண்ணாக இருப்பதால்தான் கத்தினாரோ என்றும் கேட்டாய். அவர் மனதில் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பள்ளி, கல்லூரி விளையாட்டில் பெண்களுக்குச் சம வாய்ப்பைக் கட்டாயமாக்கிய டைட்டில் நைன் சட்டம் 1972இல் வந்தது. அதற்கு முந்தைய வருஷமே இந்த அமைப்பு சிறுமிகளுக்குத் தனிப் பிரிவு தொடங்கிவிட்டது. 1999 ஜூலை 10 அன்று பாசடீனாவின் ரோஸ் பவுலில் பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்தைப் பார்க்க 90,185 பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாரன்ஸிலிருந்து கொஞ்ச தூரம்தான். ஒன்பது அணிகள் தொடங்கி 35 வருஷம். அலெக்ஸ் மோர்கன் உனக்குத் தெரியும். 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவுக்கு எதிராக 123ஆவது நிமிடத்தில் கோல் போட்டவர். 2015, 2019 இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற அணியில் இருந்தவர். போட்டிக் கிளப்பில் அவர் சேர்ந்தது 14 வயதில். அதுவரை நம் அமைப்பில்தான், எல்லோருக்கும் பாதி நேரம் என்ற விதிக்குள்தான், சனிக்கிழமைப் பிள்ளையாக ஆடிக்கொண்டிருந்தார். எட்டு வயதில் ஒரு கால்பகுதி வெளியே உட்கார்ந்ததால் யாருடைய எதிர்காலமும் கெட்டுப் போவதில்லை. அந்த அப்பாவிடம் என்றைக்காவது அமைதியாகப் பேச வாய்த்தால் இதைச் சொல்.

ஆனால் மோர்கனைப் போன்றவர்களுக்காக இந்த அமைப்பு இல்லை. அவர்களுக்கு எப்படியும் வழி கிடைத்துவிடும். உன் கிளையில், முன்பு விஐபி என்று அழைக்கப்பட்ட எபிக் பிரிவு இருக்கிறதா என்று விசாரி. உடலிலோ அறிவிலோ குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக நம் அமைப்பு நடத்தும் ஆட்டம் அது. ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு துணைப்பிள்ளை மைதானத்துக்குள் போகும். சக்கர நாற்காலியைத் தள்ளும், பந்தைக் காலருகே கொண்டுவந்து வைக்கும், பயப்பட்டால் கையைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் அப்படி ஒரு ஆட்டத்தில், பேசாத பையன் ஒருவன் சீசன் முழுவதும் கோட்டருகிலேயே நின்றான். அவனுடைய துணைப்பிள்ளையும் அவனோடு அங்கேயே நின்றாள். கடைசி வாரத்தில் அவன் பந்தை ஒருமுறை உதைத்தான். அது எதிர்த்திசையில் போனது. இரண்டு பக்கத்துப் பெற்றோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மனம் சோர்ந்த வாரங்களில் அங்கே ஒரு மணி நேரம் போய் நில். இந்த அமைப்பு எதற்கு என்று அங்கே தெரியும்.

நீ விலகினால் உன்மேல் எனக்கு வருத்தம் வராது. விலகும் உரிமை தன்விருப்பத்தோடு வந்த எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்த மனிதர் கத்தியதால் விலகாதே. படிப்புச் சுமையால் விலகு, வேறு நல்ல காரியம் கிடைத்தால் விலகு. அப்படி விலகும்போது விசிலை இன்னொரு பிள்ளையின் கையில் கொடுத்து, லைன்அப் கார்டில் குறிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கிருந்து காரில் கிளம்புகிறேன். முறுக்கு டப்பாவும் வருகிறது. சனிக்கிழமை உன் ஆட்டம் நடக்கும் மைதானத்துக்கு வந்து, பெற்றோர் வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அந்தச் சின்னப் பெண்ணின் அணி இந்த வாரமும் ஆடுகிறது என்று நீதானே சொன்னாய். அவளுக்கு 25 நிமிடம் கிடைக்க வேண்டும். மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
மாமா